நனையாத பை

கோட்டயத்துப் பைக்கடையில், கல்லூரிக்கு லேப்டாப் கொண்டுபோக ஜோபின் பொறுக்கியெடுத்தது ஒரு மெல்லிய துணிப்பை.

“ஜூன் மழைக்கு இது அஞ்சு நிமிஷம் தாங்காது மோனே” என்றார் கடைக்காரர்.

“இதுவே போதும்.”

அப்பா குரியாக்கோஸ் நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தீங்களா சேட்டா? ஆடம்பரமே தெரியாத பிள்ளை. நம்ம வளர்ப்பு அப்படி!” கடையிலிருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது.

லேப்டாப்பைப் புதுப் பைக்கு மாற்றிக்கொண்டு வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அப்பா குடையை முழுதாகப் பையின்மேல் சாய்த்தார்.

“நீங்க நனையறீங்க அப்பச்சா.”

“நான் நனைஞ்சா துவட்டிக்கலாம்டா. அது நனைஞ்சா போச்சு!”

பேருந்து நிறுத்தம்வரை ஜோபின் தலை நிமிரவில்லை. நேற்றே அவன் தேநீரைக் கொட்டிக் கெடுத்துவிட்ட லேப்டாப் அது. பழியைச் சுமக்க வேண்டிய மழையோ, ஒரு சொட்டுகூட அதன்மேல் விழவில்லை.