ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட

காய்கறி மார்க்கெட்டில் வாரிய ஒரு டிராக்டர் குப்பையை எங்கே கொட்டுவது என்பதில்தான் தகராறு. சுத்தமான ஊர்ப் போட்டிக்கு மார்க் போடும் மேடம் திருப்பதியிலிருந்து கிளம்பிவிட்டார். குப்பைக் கிடங்குவரை போய்வர நேரமில்லை.

"ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட தெருவுல கொட்டச் சொல்லு. மேடம் அங்கெல்லாம் வரமாட்டாங்க" என்றார் துப்புரவு மேஸ்திரி கன்னையா.

"அங்க ஜனங்க கீறாங்க மேஸ்திரி. கொழந்தைங்க வெளையாட்ற எடம்" என்றாள் இந்திராணி, துடைப்பத்தைக் கீழே வைக்காமல்.

"அவங்களுக்கு அதெல்லாம் பழக்கம்தான். இந்த வாட்டியும் பக்கத்து ஊரு புத்தூருகாரன் ஜெயிச்சா முனிசிபல் கமிஷனர் என்னைத் துன்னுடுவாரு. பேசிக்கினு நிக்காத. வேலை வேணுமா, வேணாமா?"

வேலை வேண்டும். இந்திராணி மறுபடி பெருக்க ஆரம்பித்தாள். டிராக்டர் போனது.

மேடம் வந்தார். மார்க்கெட் பளிச்சென்று இருந்தது. பஸ் ஸ்டாண்டும் அப்படியே. செல்போனில் டிக் அடித்துக்கொண்டே வந்தவர், "கடைசியா ஒண்ணு. துப்புரவுத் தொழிலாளி ஒருத்தர் வீட்டைப் பார்த்து போட்டோ எடுக்கணும்" என்றார்.

கன்னையா யோசிக்கவே இல்லை. "எங்க இந்திராணி வூட்டையே பாருங்க மேடம். பத்து வருஷமா என் கீழ வேலை செய்யுது. வூட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கும்."

"வீடு எங்கே?"

கன்னையா இந்திராணியைப் பார்த்தார். பத்து வருஷத்தில் அதை மட்டும் அவர் கேட்டதே இல்லை.

"ரயில்வே கேட்டுக்கு அந்தாண்டதான் மேடம்" என்றாள் இந்திராணி. "வாங்க. குப்பை மேலதான் ஏறிப் போவணும்."