பின்கதவுக் காவல்

நியாயம் பேசும் பெருமக்களே, சற்று நின்று இந்தச் சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். அதன்மேல் கடற்கரைச் சாலையின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. சுற்றிலும் மூன்று நாற்காலிகளில் மூவர். நான்காவது நாற்காலியில் பயணப் பைகள். ஓட்டுநரோ அடுக்களை நிலையில் சாய்ந்து நிற்கிறார். அநீதி எவ்வளவு சாதாரணக் குரலில் பேசும் என்பதை உங்கள் காதாலேயே கேளுங்கள்.

வாசலில் வண்டி தயார். வழியில் எங்கெங்கே நிறுத்தி, எந்தெந்தக் கரையில் இறங்கி நடப்பது என்பதுதான் வழக்கு. குடும்பத் தலைவர் செங்குத்தான குன்றுப் பாதை ஒன்றைச் சிவப்பு மையால் வளைத்தார்.

“முதல்ல இங்க ஏறுறோம். உச்சியில நின்னா கடல் மொத்தமும் தெரியும்.”

“ஏறுங்க. நான் கீழயே படுத்துக்குறேன்,” என்றாள் பள்ளி இறுதியாண்டு மகள், கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல். “போன வருஷம் உங்க பேச்சக் கேட்டு நடந்து, கால் பூரா கொப்புளம்.”

“இவ நடந்ததே பத்தடி. அதுல ஒம்பதடி போட்டோவுக்கு,” என்றான் அவளுக்கு இளையவன். “எனக்கு அந்தப் பாறை முனை வேணும். நுனியில நின்னு வீடியோ எடுக்கணும்.”

“விழுந்து தொலை. உன் ரூம் எனக்கு.”

தலைவர் மேசையில் அறைந்தார். “வாய மூடுங்க ரெண்டு பேரும். ஆளுக்கு ஒண்ணுன்னு மூணு இடம். அவ்வளவுதான்.”

ஓட்டுநர் கேட்டுவிட்டார்: “நானும் ஒரு இடம் சொல்லட்டுமா?”

அலமாரி பேசியது போல மூவரும் திரும்பினர்.

“லைட்ஹவுஸ் தாண்டினதும் ஒரு மணல் திட்டு இருக்காம். கடல் உள்வாங்குறப்ப அது மேலயே நடந்து எதிர்ல இருக்குற தீவுக்குப் போயிடலாமாம். அங்க நானும் உங்களோட இறங்கி நடக்குறேன்.”

இந்த வீட்டில் காலடி வைத்த நாள் முதலாக, ஒவ்வொரு விடுமுறைக்கும் இந்தச் சாலையில் வண்டியோட்டியவர் அவர். வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டி ஓரடி எடுத்து வைத்ததில்லை. வண்டியின் பின்கதவுப் பூட்டு பழுது, உள்ளே பைகள். ஆகவே மூவர் நடப்பார்கள், ஒருவர் காவல் இருப்பார். முன்கண்ணாடி வழியே கடலைப் பார்த்த கண்கள் உண்டு. அதில் நனைந்த கால்கள் இல்லை. சம்பளமா கேட்டார் அவர்? சொத்தா கேட்டார்? ஒரே ஒரு முறை, அலை விலகித் தரும் வழியில் நடந்துபோகக் கேட்டார்.

“நீ இறங்கிட்டா வண்டிய யாரு பாத்துக்குறது?” என்றார் தலைவர்.

“பூட்ட சரி பண்ணிடலாமே. எத்தன தடவ சொல்லிட்டேன்.”

“பூட்டு எதுக்கு? அதான் நீ இருக்கியே.”

பிள்ளைகள் சிரித்தார்கள், தலைவரும் சேர்ந்து சிரித்தார். அதுவரை ஒருவரையொருவர் கடித்துக் குதறிய மூவரும், இந்த ஒரு சிரிப்பில் ஒன்றுபட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“முட்டி வலின்னு மாடிப்படி ஏறவே முனகுற. நீ மணல்ல நடக்கப் போறியா?” என்றான் மகன்.

“நீயும் நடந்தா, நாங்க திரும்பி வரப்ப சாப்பாடு யாரு எடுத்து வைக்கிறது?” என்றாள் மகள். “அத விடு. என் கறுப்புச் சட்டையத் துவைச்சியா இல்லையா?”

ஓட்டுநருக்குத் துவைக்கும் வேலையும் உண்டா என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் உண்டு.

“துவைச்சு மடிச்சாச்சு பாப்பா,” என்றார் ஓட்டுநர். குரல் தாழவில்லை. “ஆனா இந்தத் தடவ நான் நடக்கத்தான் போறேன். ஒவ்வொரு இடத்துலயும் ஆள் மாத்தி ஆள் வண்டியில உட்காருவோம். முதல் இடத்துல வேணும்னா நானே இருக்கேன்.”

“நாங்க உட்காரணுமா? காவலுக்கா?” தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “வருஷா வருஷம் ஊர் ஊரா உன்னையும் கூட்டிட்டுப் போறேன் பாரு, அந்தக் கொழுப்பு. இஷ்டம் இருந்தா ஓட்டு. இல்லையா, இங்கயே கிட.”

அந்த வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது அந்தக் கணத்தில் தலைவருக்கு நினைவில்லை.

ஓட்டுநர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். வண்டிச் சாவியை எடுத்து, வரைபடத்தில் சிவப்பு வளையத்தின் நடுவே வைத்தார். பைக் குவியலின் அடியிலிருந்து சின்னதாக ஒன்றை உருவித் தோளில் மாட்டினார்.

“கிடக்க மாட்டேன். பஸ்ல போறேன். அந்தத் திட்டுல நடந்துட்டு வரேன்.”

வாசற்கதவு சாத்தப்பட்டது. காலடி ஓசை தெருமுனை வரை கேட்டு, பிறகு நின்றது. மகன் சன்னலுக்கு ஓடினான். முகத்தில் சிரிப்பு செத்திருந்தது.

“அப்பா, நிஜமாவே போயாச்சுப்பா.”

தலைவர் வரைபடத்தை நிதானமாக மடித்தார்.

“பதறாதீங்க. எங்க போயிடப் போறா உங்கம்மா?”

படித்தவர்களே, கைதட்டாதீர்கள். உங்கள் வீட்டு அடுக்களைப் பக்கம் போய், எந்தக் கரையில் நடக்க ஆசை என்று இன்றே கேளுங்கள்.