கறுப்புச் சால்வையில் வெள்ளை முடி

"இது என்ன சாமி, சால்வையில வெள்ளை முடி?"

குருசாமி மொக்கையன் அதை இரண்டு விரலால் எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன கண். எதையும் தவறவிடாது.

சுண்டல் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்த பாண்டிமீனா கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினாள்.

சால்வைக்குச் சொந்தக்காரனான அவள் புருஷன் செல்வக்குமார், கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக எதிரே உட்கார்ந்திருந்தான். சிம்மக்கல் பைப் கடையில் தெருமுனைவரை கேட்கிற மாதிரிப் பேசுகிறவன், இப்போது மாலை மணியை உருட்டிக்கொண்டிருந்தான். விடிந்தால் இருமுடி கட்டி சபரிமலைக்குக் கிளம்ப வேண்டும். கடைசி நாள் பூஜைக்காகக் குருசாமியே நாகமலை புதுக்கோட்டைக்கு வீடு தேடி வந்திருந்தார்.

"கொடியில காயப்போட்டிருந்தேன் சாமி. நாய் அந்தப் பக்கம் போயிருக்கும்..." என்று இழுத்தாள் பாண்டிமீனா.

"ஒங்க ராணியா? வாசப்படி ஏறவே மூச்சு வாங்குற நாயி, அம்புட்டு உசரம் எப்படித் தாயி எம்புச்சு?"

மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாம் கார்த்திகை பிறந்தபோது ஆரம்பித்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ராணியின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு வயசாச்சு. நெஞ்சு பூரா சளி. ராத்திரிக் குளிர்ல வெளியில விட்டா தாங்காதும்மா" என்றார்.

அதற்கு மறுநாள் காலையில்தான் செல்வக்குமார் மாலையோடு வந்து நின்றான். வந்ததும் முதல் உத்தரவு: "மாலை இறக்குற வரைக்கும் ராணி வீட்டுக்குள்ள வரக் கூடாது. சுத்தபத்தமா இருக்கணும்."

"நேத்து டாக்டர் சொன்னது காதுல விழலையா? அப்படி என்ன பெரிய வேண்டுதல்?"

"வெளியில சொன்னா பலிக்காது. போயிட்டு வந்து சொல்றேன்."

சொந்தமாகக் கடை வைக்கிற ஆசையாகத்தான் இருக்கும், வேறென்ன? மனுஷனுக்கு இம்புட்டுக் கல்நெஞ்சா என்று அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டாள். ஹாலில் பாயை விரித்த செல்வக்குமார் சாமி குறட்டை விட ஆரம்பித்ததும், பின்கதவைத் திறந்து ராணியை அடுப்படிக்குள் கூட்டி வருவாள். சாக்கை நாலாக மடித்து, மேலே தன் பழைய நைட்டி. முதுகோரமாகத் துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில். நாலு மணிக்கு அவன் அலாரம் அடிப்பதற்கு முன் ராணி வாசலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

நாற்பது நாளில் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அவனுக்குப் பக்தி முற்றிப்போய், அந்தக் குளிரிலும் விடியற்காலையில் இரண்டு தரம் குளித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் அடுப்படியில் படுத்த நாயின் முடி, ஹாலில் இருந்த சால்வைக்கு எப்படிப் போனது? அதுதான் அவளுக்கே விளங்கவில்லை.

"சொல்லு தாயி" என்றார் குருசாமி.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் 'தட், தட்' என்று ஒரு சத்தம். வால் கதவில் அடிக்கிற சத்தம். இன்றைக்குத் தூறல் போட்டதால் பொழுது சாயும்போதே உள்ளே விட்டிருந்தாள்.

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. பாண்டிமீனா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான்தான் சாமி. நாப்பது நாளும் அடுப்படியிலதான் படுக்க வச்சேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. மாலையக் கழட்டச் சொல்லிராதீங்க. வேண்டுதல் பலிக்காமப் போனா அந்தப் பாவம் என்னோட போகட்டும்."

செல்வக்குமார் தலையை நிமிர்த்தினான். "நாப்பது நாளுமா?"

"ஆமா. திட்டுறதா இருந்தா மலைக்குப் போயிட்டு வந்து திட்டுங்க."

"அடிப்பாவி! நாலு மணிக்குக் குளிச்சிட்டுப் போயி வாசல்ல அதுக்கு சால்வையப் போத்தி விடுவேன். தொட்டா தினமும் அது ஒடம்பு கதகதன்னு இருக்கும். நான் ஐயப்பன் கருணைன்னுல்ல நெனச்சேன்!"

"நீங்க போத்தி விட்டீங்களா?"

"உள்ள வரக் கூடாதுன்னுதான சொன்னேன்? அதுக்காக விட்டுர முடியுமா? நாயத் தொட்டாச்சேன்னு மறுபடி ஒரு தரம் குளிச்சுக்குவேன்."

குருசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சுத்தமா இருங்கன்னு சொன்னேன் சாமி. நாயத் தூக்கி வெளியில போடுன்னு எப்பச் சொன்னேன்? கதவத் தெற தாயி. அந்த நாலுகால் சாமியும் வரட்டும்."

ராணி வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் நாலு எட்டு வைத்தால் கேட்கிற அந்த 'கர்... கர்' இழுப்பு இல்லை. நேராகப் போய்ச் செல்வக்குமாரின் காலடியில் படுத்தது.

நாற்பது நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சைப் பாண்டிமீனா விட்டாள். ஆனாலும் ஒரு முள் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது.

"நான் செஞ்சதுல அவரு வேண்டுதல் கெட்டுப் போயிராதே சாமி?"

குருசாமி செல்வக்குமாரைப் பார்த்தார். "அதான் பலிச்சிருச்சே. இனி சொல்லலாமுல்ல சாமி?"

அவன் வெட்கத்தோடு குனிந்து நாயின் காதை நீவினான்.

"மாலை போடுறப்ப கண்ணு கலங்கி ஒண்ணே ஒண்ணுதான் தாயி கேட்டாரு" என்றார் குருசாமி. "'எங்க ராணிக்கு மூச்சு சீராகணும், ஐயப்பா'ன்னு."