மூன்றில் ஒரு வித்தை

அலுவலக ஆண்டு விழாவில் சீட்டு வித்தை காட்டுவதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் கணக்கர். விழா நாளைக்கு.

புத்தகத்தில் பொறுக்கிய மூன்று வித்தைகளையும் சாப்பாட்டு மேஜையில் மனைவியிடம் செய்து பார்த்தார். முதலாவதில், ஒளித்த சீட்டு சட்டைக் கைக்குள்ளிருந்து விழுந்தது. இரண்டாவது முடிவதற்குள் மனைவிக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மூன்றாவது, அவள் உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகும் சீட்டு எதுவென்று சொல்வது.

புத்தகம் சொன்னபடி எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நீ எடுத்தது இஸ்பேட் ராணி."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? எனக்குப் புல்லரிக்குது. இதையே பண்ணுங்க."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கைதேர்ந்தவர் மாதிரி சீட்டுக்கட்டைக் கலைக்கப்போய், பாதிச் சீட்டு தரையில் சிதறியது. பொறுக்கக் குனிந்தார்.

மேஜை ஆடுகிறதென்று போன மாதம் அவரே இந்தச் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மடித்துக் காலுக்கு அடியில் சொருகியிருந்தார். அதன் ஓரத்திலிருந்து முறைத்துக்கொண்டிருந்தாள், இஸ்பேட் ராணி.

சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, இதைத்தானே பண்ணப்போறீங்க?"

"இதேதான். ஆனா நாளைக்கு நீ முன்வரிசையில உட்காரு. சீட்டு எடுக்க உன்னைத்தான் மேடைக்குக் கூப்பிடுவேன்."