ஒரு சொட்டு ஒழுகாது

பெரியவரைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. தலையில் அழுத்தித் தேய்க்காதீர்கள், தையல் பிரிந்துவிடும் என்று மனைவி வாசற்படியில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருப்பார்.

பெரியவர் என்றால் எங்கள் ஜீப். வயசுக்கு மரியாதை கொடுத்து அப்படித்தான் கூப்பிடுகிறோம். சாவியைத் திருப்பினால் இன்னும் ஜம்மென்று கிளம்புவார். கூரை மட்டும் கேன்வாஸ் துணி, அங்கேதான் தகராறு. வெளியே தூறினால் உள்ளே மழை.

போன வாரம் மழையில் மனைவியை ஆபீஸில் கொண்டுபோய் இறக்கினேன். அன்றைக்கென்று பார்த்து அவள் மேலதிகாரிகள் முன்னால் நின்று பேச வேண்டிய கூட்டம். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட உள்ளே போனவள், சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், இந்த வண்டியை வித்துத் தொலையுங்கள் என்றாள்.

ஜீப் இல்லாவிட்டால் நான் யார்? தொப்பையும் வழுக்கையுமாக பஸ்ஸுக்கு நிற்கிற இன்னொரு ஆள். ஜீப்பில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் என்னை எனக்கே பார்க்கச் சகிக்கும்.

“நானே சரி பண்றேன். ஒரு சொட்டு ஒழுகாது. அப்புறம் விக்கற பேச்சே எடுக்கக் கூடாது” என்றேன்.

“முதல்ல ஒழுகறதை நிறுத்துங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்” என்றாள்.

பாதி ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கூரை நன்றாகக் காய்ந்த பிறகு வேலையில் இறங்கினேன். கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் படாமலிருக்க ஓரமெல்லாம் பழைய பேப்பரை ஒட்டினேன். பிறகு தண்ணீர் புகாமல் தடுக்கும் மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றி, பிரஷ்ஷும் கையுமாக ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். வெயிலில் நின்று அடிப்பானேன், உள்ளே நிழலாயிற்றே என்ற புத்திசாலித்தனம். அண்ணாந்து அடித்ததில் பாதி கூரைக்குப் போயிற்று, மீதி என் மண்டைக்கு வந்தது. இனி ஆயுசுக்கும் என் தலையில் தண்ணீர் நிற்காது.

மருந்து டப்பாவின் மேல் ‘வெளிப்புறம் பூசவும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மனைவிதான் படித்துக் காட்டினாள். வெளியே வந்து, வழுக்கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

வண்டிப் பக்கமே வராதவள் அன்றைக்குப் பழைய டூத் பிரஷ்ஷோடு வந்து கூடவே நின்றாள். “தையல் ஓட்டை வழியாத்தான் இறங்கும். அங்க ரெண்டு தடவை அடிங்க” என்றாள். நான் விட்ட இடத்தையெல்லாம் விரலால் தொட்டுக் காட்டினாள். கல்லுக்குள் ஈரம் என்பது இதுதான் போலிருக்கிறது, இவளுக்கும் பெரியவர் மேல் பாசம் வந்துவிட்டது என்று நெகிழ்ந்துபோனேன்.

பூச்சு காய்ந்து, சோதனை பார்க்க வேண்டிய நாளில் அவள் ஆபீஸ் கேஷியர் வந்தார். உங்கள் வேலையைப் பற்றிச் சொன்னேன், அவருக்கு நேரில் பார்க்கணுமாம் என்றாள் மனைவி. ஆபீஸில் என்னைப் பற்றிப் பெருமையாகக்கூடப் பேசுகிறாளா? எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கேஷியர் தங்கமான மனுஷன். இந்தப் பூச்சு எத்தனை மழைக்குத் தாங்கும், மறுபடி எப்போது பூச வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டே பிறந்தவன் மாதிரி விளக்கினேன். டப்பாவில் படித்ததையெல்லாம் சொந்த அனுபவம்போல எடுத்துவிட்டேன். என் வீட்டில் ஒருத்தரும் என் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

தண்ணீர் அடிக்கும்போது யாராவது உள்ளே இருந்து பார்த்தால்தானே தெரியும் என்று மனைவி சொன்னாள். கேஷியர் உடனே டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தோட்டத்துக் குழாயைத் திறந்து, டியூபைக் கூரை மேல் பிடித்தேன். ஒரு சொட்டு உள்ளே விழுந்தால் பெரியவர் கை மாறிவிடுவார், நான் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுவேன்.

தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அந்தப் பின்பக்க மூலையிலும் பிடியுங்கள் என்றாள் மனைவி. எப்போதும் அவள் தோளில் ஒழுகும் மூலை அது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். உள்ளே கேஷியர் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடி வழியாகக் கையை விரித்துக் காட்டினார். ஈரமே இல்லை.

குழாயை மூடினேன். சட்டை மடிப்புக்கூடக் கலையாமல் அவர் இறங்கி வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே கலங்கியது. ஒரு சொட்டு விழுந்ததா, சொல்லு, ஒரு சொட்டாவது விழுந்ததா என்று மனைவியிடம் மார்தட்டினேன்.

அவள் முகமெல்லாம் சிரிப்பாக என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். பிறகு கேஷியர் பக்கம் திரும்பினாள்.

“நான்தான் சொன்னேனே சார், வண்டியை உங்க கையில குடுக்கறதுக்கு முன்னாடி ஒழுகறதை இவரே சரி பண்ணிடுவாருன்னு.”