நூற்றுப்பத்து கிலோ வரை

துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோபாவில் எறிந்தான். இரண்டு துண்டு, ஒரு நைட்டி, அவனுடைய சட்டை மூன்று.

அடியிலிருந்து சைக்கிள் வெளியே வந்தது.

இருந்த இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள். நாலு வருஷமாக ஹால் மூலையில் நிற்கிறது.

இன்று ஆயுத பூஜை. கிரைண்டர், தையல் மெஷின், ஸ்கூட்டர், அரிவாள்மனை எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டு அவன் மனைவி அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். இதை மட்டும் வருஷா வருஷம் அவனே மேலோட்டமாகத் துடைப்பான். மாலையும் அவனே போடுவான். பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. வருகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டுமே.

ஈரோட்டுப் பொருட்காட்சியில் வாங்கியது. கடைக்காரர் அவளை எடை மெஷினில் ஏற்றி, எண்ணை ஊருக்கே கேட்கும்படி படித்தார்.

"கவலைப்படாதீங்க சார். இது நூத்திப்பத்து கிலோ வரைக்கும் தாங்கும்."

"அப்ப இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் பயமில்லீங்க" என்றான் அவன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள்.

அவளே சிரித்துவிட்டாள் என்பதால்தான் அதை மில்லில் சொன்னான். அக்கம்பக்கத்தில் சொன்னான். ஒரு கல்யாணப் பந்தியில், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொன்னான்.

அவள் அதில் ஏறி அவன் பார்த்ததில்லை. வாங்கிய மறுவாரமே ஒரு துண்டு காயப்போட்டாள். அதையும் கதையில் சேர்த்துக்கொண்டான். ஊரிலேயே விலை கூடின கொடிக்கயிறு எங்கள் வீட்டில்தான் என்பான்.

கைப்பிடிக்கு நடுவில் இருந்த சின்னத் திரையை ஈரத்துணியால் துடைத்தான். விரல் எங்கோ பட்டது.

திரை விழித்துக்கொண்டது.

1312.

கிலோமீட்டர்.

கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தான். நாலு வருஷம் சும்மா கிடந்தது வேறெப்படி இருக்கும்?

மிதிகட்டையைக் கையால் சுற்றினான். சத்தமே இல்லை. அச்சில் தையல் மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. மிதிகட்டை ரப்பரின் பல் இரண்டு பக்கமும் தேய்ந்து, வழவழவென்று இருந்தது.

திரைக்குப் பின்னால் இருந்த மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

இரண்டு பேட்டரி. இரண்டிலும் கறுப்பு மார்க்கரில் தேதி. அவன் கையெழுத்து.

மில்லில் ஸ்டோர் கீப்பர் அவன். வீட்டுக்கு வாங்குகிற பேட்டரியிலும் தேதி எழுதி வைக்கிற பழக்கம். டிவி ரிமோட்டில் போட்ட பேட்டரி. அடிக்கடி காணாமல் போகிற பேட்டரி. காலையில்கூட, "அதுக்கென்ன காலா முளைச்சிருக்குது?" என்று கத்தினான். அவள் கடலையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இங்கிருந்து கன்னியாகுமரிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போய்ச் சேர்கிற தூரம்.

அவன் மில்லுக்குப் போனதும் துணிகளை எடுத்திருக்கிறாள். மிதித்திருக்கிறாள். இறங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எது எதன்மேல் கிடந்ததோ அதன்படியே மறுபடியும் போட்டு மூடியிருக்கிறாள்.

அவனுக்குத் தெரியக் கூடாது என்று.

தெரிந்திருந்தால் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பான். நாலு பேர் சிரித்திருப்பார்கள். அது அவளுக்குத் தெரியும்.

கையில் இருந்த ஈரத்துணியை எங்கே வைப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

வாசலில் கார் நின்றது. அவளுடைய தம்பி பூபதியும் அவன் குடும்பமும்.

மூடியை மாட்டினான். சோபாவில் கிடந்த துணிகளை அள்ளிச் சைக்கிள்மேல் போட்டான். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது? நினைவில்லை. கவனித்ததே இல்லை.

பூஜை முடிந்தது. எல்லாரும் கற்பூரம் ஒற்றிக்கொண்டார்கள். பொரியும் கடலையும் கைமாறின.

பூபதி மூலையைப் பார்த்தான்.

"என்னங்க மாமா, இந்த வருஷம் துணி ஸ்டேண்டுக்கு மாலை போடலீங்களா?"

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். சுண்டல் தட்டுகளோடு அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். வரப்போவது என்னவென்று தெரிந்து, முகத்தில் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தாள்.

அவன் வாயைத் திறந்தான். கையிலிருந்த பொரியை அள்ளிப் போட்டுக்கொண்டான்.

பூபதிக்குப் பொறுக்கவில்லை. அவனே கதையை எடுத்துவிட்டான். எடை மெஷினிலிருந்து தொடங்கி, கடைக்காரர் குரலில் ஒன்று, மாமா குரலில் ஒன்று. "ரெண்டு வருஷத்துக்குப் பயமில்லீங்க" என்று அவன் முடித்தபோது வீடே அதிர்ந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை. அத்தனை தடவை கேட்டிருக்கிறான்.

அவளும் சிரித்தாள்.

சிரிக்கிறபோது அவள் முகத்தை அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் மற்றவர்கள் சிரிக்கிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்த்திருக்க வேண்டும். பொருட்காட்சியிலேயே பார்த்திருக்க வேண்டும்.

பூபதி ரிமோட்டை எடுத்து அழுத்தினான். தட்டினான். திருப்பிப் பார்த்தான்.

"இதுல பேட்டரியவே காணமுங்க?"

அவள் சட்டென்று திரும்பினாள்.

"நாந்தான் எடுத்தேன்" என்றான் அவன்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள். நைட்டி இருக்க வேண்டிய இடத்தில் சட்டை கிடந்தது.

அதுவரை முகத்தில் வைத்திருந்த சிரிப்பை மெல்ல இறக்கி வைத்தாள்.