சத்து மாத்திரை டப்பா

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா ஐயா? ப்ராஸ்டேட்டுக்கு ஏதாவது?"

நர்ஸ் இதைக் கேட்டது நடுக்கூடத்தில். பச்சை அங்கியும் காகிதக் குல்லாயுமாக, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கண்புரை ஆபரேஷனுக்கு வரிசையாக உட்கார்ந்திருந்த பெரியவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி.

"இல்லை" என்றார் அறிவிப்பாளர்.

ரயில் நிலையத்து ஒலிபெருக்கியின் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர் அவர். வண்டி தாமதம் என்றால் தாமதம் என்று ஊருக்கே சொன்ன வாய், இன்று கூசாமல் பொய் சொன்னது.

காரணம், எதிர் நாற்காலியில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்த மச்சான். மனைவியின் அண்ணன். இன்றைக்குக் காரோட்டி வந்தவரும் அவர்தான்.

முன்பொரு விருந்தில் அந்த மனுஷன் அடிக்கடி பாத்ரூம் பக்கம் போவதைப் பார்த்து, "நம்ம மச்சான் ஒரு ஸ்டேஷன் விடாம நிக்கிற பாசஞ்சர் வண்டி" என்று சொந்தக்காரர்கள் கூட்டத்தில் அறிவித்தவர் நம்ம அறிவிப்பாளர். அன்றிலிருந்து குடும்பத்தில் மச்சானுக்குப் பெயரே பாசஞ்சர்.

அதே கோளாறு தனக்கும் வந்தபோது அறிவிப்பாளர் ஒழுங்காக டாக்டரிடம் போனார். எழுதிக் கொடுத்த மாத்திரையை, சொன்னபடி, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினார்.

ஒன்றில் மட்டும் புத்தி பிசகியது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, காலியாகக் கிடந்த சத்து மாத்திரை டப்பாவில் போட்டு, சாப்பாட்டு மேஜையின் நடுவிலேயே வைத்துவிட்டார். ஒளித்து வைத்தால்தானே தேடுவார்கள்?

நர்ஸ் விடுவதாக இல்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. அந்த மாத்திரை சாப்பிட்டா கண்பாப்பாவைச் சுத்தி இருக்கிற திரை துவண்டு போயி ஆபரேஷன் நடுவுல குறுக்க வரும். முன்னாடியே தெரிஞ்சா டாக்டர் அதுக்குத் தகுந்த மாதிரி பாத்துக்குவார். தெரியாமப் போனாதான் ஆபத்து. எப்பவோ நிறுத்தியிருந்தாலும் சொல்லிடணும்."

அறிவிப்பாளர் மச்சானை ஓரக்கண்ணால் பார்த்தார். கண்ணா, மானமா?

மச்சான் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். மானம் ஜெயித்தது.

"சத்து மாத்திரை மட்டும்தான்" என்றார்.

"ஆமாம்மா, சத்து மாத்திரை" என்று பக்கத்திலிருந்த மனைவியும் ஒத்து ஊதினாள். "நானும் அதே டப்பாவிலிருந்து தினம் ஒண்ணு போட்டுக்கிறேன். என்ன, எழுந்திருச்சா தலை கிறுகிறுன்னு வருது. வயசாச்சுல்ல."

அறிவிப்பாளருக்குக் குல்லாய்க்குள் குப்பென்று வேர்த்தது.

மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும், சட்டென்று எழுந்திருக்காதீர்கள், வேறு யாருக்கும் இதைக் கொடுக்காதீர்கள். இவளோ ஏற்கெனவே பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். நேற்றுகூட ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்தாள். இன்று காலை படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கொஞ்சம் நின்றாளே! முழங்கால் வலி என்றல்லவா நினைத்தார்! விழுந்து கிழுந்து வைத்திருந்தால்?

நர்ஸின் காதோடு சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்தத் தொண்டைக்கு ரகசியம் பேசிப் பழக்கமில்லை. போதாக்குறைக்கு, பதற்றத்தில் பழைய உத்தியோகம் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

"கவனிக்கவும்! சத்து மாத்திரை டப்பாவில் இருப்பது சத்து மாத்திரை அல்ல. அது என்னுடைய ப்ராஸ்டேட் மாத்திரை. அதை என் மனைவி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்!"

பழக்கதோஷம், இன்னொரு முறையும் சொன்னார்.

காகிதக் குல்லாய்கள் அத்தனையும் அவர் பக்கம் திரும்பின.

ஜன்னலோரத்தில் இருந்த பெரியவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "சிஸ்டர், நானும் அதைச் சாப்பிடுறேன்."

அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் தூக்கினார். பிறகு அதற்கடுத்தவர். சற்று முன்புதான் "இல்லவே இல்லை" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆபரேஷன் அறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போகப்பட்ட ஒருவர், காலைத் தரையில் ஊன்றிச் சக்கர நாற்காலியையே நிறுத்திவிட்டார்.

கடைசியில், நோயாளியே அல்லாத மச்சானும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு கையைத் தூக்கினார்.

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அறிவிப்பாளர் இது எதையும் பார்க்கவில்லை. "என்னை விடுங்க, முதல்ல இவளைப் பாருங்க" என்று மனைவியின் கையைப் பிடித்து நர்ஸிடம் நீட்டினார். மச்சான் சிரித்தால் சிரிக்கட்டும், ஊரே சிரிக்கட்டும்.

நர்ஸ் பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து வந்தாள். மனைவி கையை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கும்மா? அந்த டப்பாவை நான் தொட்டதே இல்ல. 'ஐயாவுக்கு இப்போ பரவாயில்லையா'ன்னு மருந்துக்கடைக்காரம்மா கேட்டப்பவே எனக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு."

அறிவிப்பாளர் அவள் பக்கம் திரும்பினார். அவர் கன்னத்தில் வழிந்த சொட்டு மருந்தை அவள் முந்தானையால் ஒற்றியெடுத்தாள்.

"நான் சொன்னா, இல்லவே இல்லைன்னு சாதிச்சிருப்பீங்க. உங்க கண்ணுக்கு ஆபத்துன்னா வாயைத் திறக்க மாட்டீங்க. எனக்குன்னாதான் திறப்பீங்க."